கருவாட்டின் மேல் போட்ட பழி

ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் திட்டு வாங்குவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் நீங்கள் ஆசைப்பட்டுப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் தயாராக நிற்பார். நோயாளி பச்சைத் துணி போர்த்திப் படுத்திருப்பார். வெளியே சொந்தபந்தமெல்லாம் ஊர்ச் சாமிகள் அத்தனை பேரையும் வேண்டிக்கொண்டிருக்கும். அப்போது உள்ளே போய், "பிரஷர் அதிகமா இருக்கு, இன்னிக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது" என்று சொல்கிற மயக்க மருந்து டாக்டர்கள் நாம். இன்னும் ஒரு மாதத்துக்குள் நீங்களும் அதைச் சொல்வீர்கள், ஒரு வார்டே உங்களை முறைக்கும். வாழ்த்துகள்!

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை என்று ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஓடியே என் காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு, அது இந்தப் பிரஷர்தான். ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால் உங்களுக்கெல்லாம் எரிச்சல் வரும். எனக்கு உள்ளுக்குள் குஷி பிறந்துவிடும். முடியாது என்று சொல்வது பாதி வேலை. ஏன் ஏறியது என்று துப்புத் துலக்குவதுதான் மீதிப் பாதி. மொத்த ருசியும் அதில்தான் இருக்கிறது.

வயது, பரம்பரை, உடம்பு பருமன், உப்பு, குடி, புகையிலை, உட்கார்ந்த இடத்திலேயே பிழைப்பு, தூக்கமில்லாமை. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் ஒப்பிப்பீர்கள். முக்கால்வாசிப் பேருக்கு இவற்றில் நாலைந்து சேர்ந்துதான் ஏற்றிவிடுகின்றன, தனியாக ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஆனால் சிலர் இருக்கிறார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற ஒருவர், மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையைத் தினமும் மிட்டாய் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த வலி மாத்திரைதான் பிரஷரை ஏற்றியது. கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரி கம்பெனிக்கு ஷிப்டு போகிற பையனுக்குக் காரணம் குறட்டை. ராத்திரியெல்லாம் மூச்சு அடைத்து அடைத்துத் திறந்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் அதை நல்ல தூக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். இன்னொரு அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போய்விட்டு வந்ததும் பிரஷர் இறங்கிவிட்டது.

இவர்களை எல்லாம் விட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்தது அஞ்சலாட்சியைப் பற்றி.

அஞ்சலாட்சிக்கு ஊர் பொம்மையார்பாளையம். விடியற்காலையில் படகு கரை ஏறியதும் மீனைக் குவித்து ஏலம் விடுவார்களே, அந்த ஏலத்தைக் கூவுகிறவர் அவர். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் கீழே. கர்ப்பப்பையில் கட்டி, மாதவிலக்கு நின்றபாடில்லை, ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்துக் கிடந்தது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும். புதுச்சேரி பக்கத்திலேயே இருந்தாலும் ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! மகள் சுமதியைக் கட்டிக்கொடுத்தது திண்டிவனத்தில். அதனால் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

முதல் முறை வந்தபோது பிரஷர் அதிகம். உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து வந்தார். இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் முன்னைவிட ஏறியிருந்தது. நான் மறுபடியும் முடியாது என்றேன். பெண்கள் பிரிவு டாக்டர் என்னோடு ஒத்த வயதுக்காரர், நல்ல கைராசிக்காரர், கோபக்காரரும்கூட. அவர் கேஸ் ஷீட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, "வேறென்ன சார், கடற்கரைக்காரங்க. கருவாடு இல்லாம சோறு இறங்குமா?" என்றார். நர்ஸ் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். எங்கள் துப்பறிதல் அத்தோடு முடிந்தது.

அஞ்சலாட்சிக்கு வந்ததே கோபம்!

"இன்னா சார் இது, கடலோரத்துல இருந்து வந்தா கருவாட்டத் தின்னுதான் உசுரு வெச்சிக்கினு இருக்கோம்னு நெனப்பா? நாங்க பச்ச மீனு துன்றவங்க. காயப்போட்ட கருவாடு பூரா ஒங்க திண்டிவனம் சந்தைக்குத்தான் வருது. துன்றது நீங்க, பழி எனக்கா?"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சு வாங்கலை நான் ரத்தசோகைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

இதில் மகள் சுமதிதான் பாவம். அம்மா நாக்கை அடக்காததால்தான் ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று நாங்களே அந்தப் பெண்ணை நம்ப வைத்துவிட்டோம். அது அம்மாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு உப்பில்லாக் கஞ்சி ஊற்றியிருக்கிறது. பத்தாததற்கு அம்மாவின் பையை, தலையணையை, சேலை மடிப்பையெல்லாம் கருவாடு இருக்கிறதா என்று மோந்து பார்த்திருக்கிறது. இருந்தும் பிரஷர் இறங்கவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று அர்த்தம். வீட்டில் தாயும் மகளும் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நோயாளி பொய் சொல்கிறார் என்று எப்போது முடிவு கட்டுகிறீர்களோ, அப்போதே நீங்கள் தேடுவதை நிறுத்திவிடுகிறீர்கள். பொய் சொல்கிற நோயாளிகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாக வர வேண்டிய சந்தேகம். எங்களுக்கு முதலிலேயே வந்துவிட்டது.

மூன்றாம் முறை அஞ்சலாட்சி வந்தபோது கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ரத்தப்போக்கு அதிகமாகிவிட்டது. மறுநாள் ஆபரேஷன் என்று குறித்து ரத்தம் ஏற்ற ஆரம்பித்தோம். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. பிற்பகலில் ரத்தப் பரிசோதனை முடிவு என் கைக்கு வந்தது. அதில் பொட்டாசியம் தரைமட்டத்தில் கிடந்தது.

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். போன முறையும் குறைந்துதான் இருந்தது. நீர் பிரிவதற்குக் கொடுத்த மாத்திரை செய்த வேலை என்று நினைத்து அதை அப்போதே நிறுத்தியாயிற்று. மாத்திரையை நிறுத்தியும் பொட்டாசியம் இன்னும் கீழே போயிருக்கிறது என்றால், வேறு ஏதோ அதைத் தின்றுகொண்டிருக்கிறது. கருவாடு பொட்டாசியத்தை இவ்வளவு கீழே இழுக்காது! அந்த நிமிடம் எனக்குள் இருந்த கருவாட்டுக் கதை உடைந்து விழுந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பியில் கட்டி இருந்தால் இப்படி ஆகும். சென்னைக்கு அனுப்பி அதைப் பார்க்கச் சொல்லலாம் என்ற முடிவோடு வார்டுக்கு ஓடினேன்.

வார்டில் ஒரே கூத்தாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சேர்ந்துகொண்டு, "ஏலம் எப்டிக்கா வுடுவீங்க, ஒருக்கா கூவிக் காட்டுங்க" என்று அஞ்சலாட்சியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுமதி வாங்கி வைத்துவிட்டுப் போன சாத்துக்குடி ஒன்றை அவர் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, மறு கையில் சாத்துக்குடி!

"பாத்துக்கோ, பாத்துக்கோ, வஞ்சிரம்! பொழுது வெளுக்கறதுக்குள்ள வந்த சரக்கு. அம்பது... அம்பது... ஜன்னலோரத்து அக்கா அறுவது! இன்னாடி பேஜாரு பண்ற, ஒனக்குக் காசு இல்லியா? எழுவது கேளு!"

குழந்தை பெற்று இரண்டு நாள் ஆன பெண்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் கதவோரம் நின்று சிரித்தேன். ஆனால் "எழுவது" என்று சொல்லும்போதே அவர் குரல் கம்மிவிட்டது. "இருங்கடி, தொண்டை கட்டிக்கிச்சி" என்று சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். ஒரு குச்சியை வெளியே எடுத்து ஒடித்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

"அது இன்னாம்மா?" என்றேன். எனக்கே அந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"இதுவா? வேரு சார்."

"என்ன வேர்?"

"அதிமதுரம். கொரலுக்கு."

தம்பிகளே, தங்கைகளே, எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் விட்டேன் என்று நர்ஸ் பின்னால் சொன்னார். அதிமதுரம்! இருமலுக்கு இரண்டு நாள் வாயில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நம் வீடுகளில் கஷாயத்தில் போடுவதுதான். ஆனால் அதையே மாதக்கணக்கில், வாயை விட்டு எடுக்காமல் மென்று சாற்றை விழுங்கினால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், பிரஷர் மேலே போகும். அந்தச் சுரப்பியில் கட்டி வந்தால் என்ன ஆகுமோ அதே மாதிரி நடிக்கும். புத்தகத்தில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கும், நாம் பரீட்சைக்குப் படித்து மறந்திருப்போம்.

"எவ்வளவு நாளா போடறீங்க?"

"கூவ ஆரம்பிச்ச நாள்ல இருந்து எப்பியாச்சும் போடறதுதான். இந்த ரத்தப்போக்கு வந்ததுல இருந்து கொரலு ஏறவே மாட்டேங்குது. ரெண்டு வார்த்த கூவறதுக்குள்ள மூச்சு வாங்குது. அதனால இப்ப வாயிலயே கெடக்கும். தூங்கறப்ப கூட."

"வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களான்னு எத்தனை தடவை கேட்டோம்?"

"மருந்து கேட்டீங்க. இது மருந்தா? வெத்தல போடறியான்னு கேட்டீங்க, இல்லன்னேன். பொகல போடறியான்னு கேட்டீங்க, அதுவும் இல்ல. துன்றது இன்னா துன்றன்னு கேட்டீங்க, கஞ்சின்னேன். வேரு போடறியான்னு யாரு கேட்டது?"

யாரும் கேட்கவில்லைதான். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய வேர் என்பதால் சுமதியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய வாழ்க்கையில் அது சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. தச்சருக்கு உளி மாதிரி அது தொழில் சாமான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், எப்படிப்பட்ட சிக்கல் இது! ரத்தம் போனதால் மூச்சு பத்தவில்லை, மூச்சு பத்தாததால் குரல் ஏறவில்லை, குரல் ஏறாததால் வேரை அதிகம் மென்றார், வேரால் பிரஷர் ஏறியது, பிரஷர் ஏறியதால் நான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்டதால் இன்னும் ரத்தம் போனது. இதில் கருவாட்டுக்கு ஒரு பங்கும் கிடையாது.

வேரைக் கொடுத்துவிடுங்கள் என்று கையை நீட்டினேன். அவர் சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கொரலு போயிட்டா ஏலம் போயிடும் சார். நா வராத நாளுக்கெல்லாம் எதுத்த வூட்டுக்காரி கூவிக்கினு இருக்கா. அவ கொரலு சைரன் மாதிரி. ஒரு மாசம் கரையில என் கொரலு கேக்கலன்னா அவளத்தான் கூப்புடுவாங்க. அப்பறம் நா போய் ஓரமா நின்னு மீனு அள்ளணுமா?"

"குரலைக் கெடுத்தது தொண்டை இல்லம்மா, ரத்தம் இல்லாததுதான். ரத்தம் ஏறினா குரல் தானா வரும்."

"வரலன்னா?"

வரும் என்று நம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் பையை எடுத்து, எனக்குக் கொடுக்காமல், அப்போதுதான் உள்ளே வந்த மகளின் கையில் கொடுத்தார். "இந்தா, மோந்து பாரு. கருவாடு இருக்குதா?" என்றார். விஷயத்தை நான் விளக்கியதும் சுமதி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதது. "ஒன்னத் திருடி மாதிரி பாத்துட்டேனேம்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதது. அந்தத் தாயும் மகளும் பேசாமல் இருந்ததில் எங்களுக்கும் பங்கு இருந்தது.

காரணம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கஷ்டமே இனிமேல்தான்.

பெண்கள் பிரிவு டாக்டர் மறுநாளே ஆபரேஷன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இப்படியே ரத்தம் போனா நான் எதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது? வேர்னு கண்டுபிடிச்சிட்டீங்க இல்ல, சந்தோஷம். மயக்கம் கொடுங்க!" என்று கத்தினார். நானும் கத்தினேன். அந்தப் பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மேஜையில் ஏற்றினால் இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பலாம். அந்தப் பிரஷருக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம். வேரை நிறுத்திய உடனே எல்லாம் சரியாகிவிடாது, அது உடம்பை விட்டு இறங்க வாரக்கணக்கில் ஆகும். இரண்டு வாரமாவது கொடுங்கள் என்றேன்.

"நடுவுல ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமப் போச்சுன்னா?"

"எந்த நேரமானாலும் கூப்பிடுங்க. பிரஷர் எவ்வளவு இருந்தாலும் அப்ப நான் கொடுக்கிறேன். அந்த ஆபத்து அப்ப நியாயமான ஆபத்து. இன்னிக்கு அது வீண் ஆபத்து."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். என் வார்டுலதான் இருக்கணும்" என்றார். அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். அந்த இரண்டு வாரமும் நான் விழுப்புரம் வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டேன். அவசரத்துக்குக் கூப்பிட்டால் ரயிலுக்குக் காத்துக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது என்று சொல்வது தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, எப்போது முடியும் என்பதையும், அதுவரை என்ன ஆனாலும் கூடவே நிற்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டு நகர்ந்துகொள்வது தப்பித்தல்.

பொட்டாசியம் கொடுத்தோம், ரத்தம் ஏற்றினோம், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த மருந்து கொடுத்தோம். அஞ்சலாட்சிக்கு வாய் நமநமவென்று இருந்திருக்கிறது. வெந்நீரைக் குடித்துக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். முதல் சில நாள் பிரஷர் அசையவே இல்லை. நான் நினைத்தது தப்போ, சுரப்பியில் நிஜமாகவே கட்டி இருக்கிறதோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது. பிறகு ஒரு காலை கொஞ்சம் இறங்கியிருந்தது. நர்ஸ் அளவைச் சொன்னதும் அஞ்சலாட்சி படுக்கையில் இருந்தபடியே ஆரம்பித்துவிட்டார்.

"நூத்தி எம்பது... நூத்தி எம்பது... யாரு கொறைக்கிறது? ஜல்தி கேளு!"

மறுநாளிலிருந்து அது வார்டின் வழக்கமாகிவிட்டது. மீன் ஏலத்தில் விலை ஏறும், இங்கே ஒவ்வொரு நாளும் இறங்கியது. நர்ஸ் கருவியைக் கட்டினால் போதும், பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இறங்கினால் ஒரே ஆரவாரம். அவரும் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவுவார், ஏலத்தை முடிக்கிற மூன்றாவது தரம் மட்டும் சொல்லவே மாட்டார். "இன்னும் கொறையும், சரக்க அவசரப்பட்டுத் தள்ளக் கூடாது" என்பார்.

நடுவில் ஒரு மத்தியானம் ரத்தப்போக்கு திடீரென்று கூடிவிட்டது. ஆபரேஷன் அறையைத் திறந்து வைத்துவிட்டு நானும் அந்த டாக்டரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை. மருந்து வேலை செய்யக் கொஞ்சம் பார்ப்போம் என்று அவர்தான் முதலில் சொன்னார். அன்றைக்கு அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் அடங்கியது.

கடைசியில் அந்த நாள் வந்தது. தொண்டையில் குழாய் விடாமல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துவிடலாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அந்தத் தொண்டையைத் தொட எனக்கு மனசு வரவில்லை. ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். அவர் முழு நினைவோடு மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கையில் கட்டியிருந்த பட்டை ஊதி இறுகித் தளர்ந்தது.

"எவ்ளோ சார்?"

"நூத்தி முப்பது."

பெண்கள் பிரிவு டாக்டர் கத்தியைக் கையில் வாங்காமல் நின்று, முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அஞ்சலாட்சி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"நூத்தி முப்பது ஒரு தரம்!"

அது கம்மிப்போன குரல் இல்லை. பாத்திரங்கள் வைத்திருந்த தட்டு அதிர்ந்தது.

"நூத்தி முப்பது ரெண்டு தரம்!"

வெளியே பெஞ்சில் சுமதி உட்கார்ந்திருந்தது. இரண்டு கதவு தாண்டி அந்தக் குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டதாம். அம்மாவுடைய பழைய குரலைக் கேட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னது.

"நூத்தி முப்பது மூணு தரம்! எடுத்துக்கோ டாக்டரு, சரக்கு ஒன்னுது."

டாக்டர் கத்திக்காகக் கையை நீட்டினார்.